குருதியின் மதகைக் கண்ட மேதை கிளாட் பெர்னார்ட்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 5 லிட்டர் மட்டுமே. ஆனால் அது பாய வேண்டிய இடங்களோ பல. மூளைக்கு ஒவ்வொரு நொடியும் குருதி வேண்டும். உண்ட பின் குடலுக்கு மிகுதியாக வேண்டும். ஓடும்போது கால் தசைகளுக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். எல்லா உறுப்புகளும் ஒரே வேளையில் கையேந்தி நின்றால் அத்தனைக்கும் வாரி வழங்கக் குருதிக்கு எங்கே போவது? ஏரியில் நீர் குறைவாக உள்ள காலத்தில் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று அறிந்து மதகைத் திறந்தும் அடைத்தும் ஊரார் பயிரைக் காப்பாற்றுகின்றனர். அதே வேலை நம் உடலிலும் இடையறாது நடைபெறுகிறது. நம் சிறு தமனிகளின் சுவரில் வளையம் போன்ற தசைகள் உள்ளன. அவை சுருங்கினால் வழி குறுகும். தளர்ந்தால் வழி அகலும். அவைதாம் நம் உடலின் மதகுகள். அவற்றை இயக்குபவற்றுள் தலையாயவை பரிவு நரம்புகள்.

இவ்வுண்மையை உலகம் உணரச் செய்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் பிரான்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்ட். அவருடைய வாழ்வையும் பணியையும், அப்பணிக்காகக் கொடுக்கப்பட்ட விலையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கிளாட் பெர்னார்ட் 1813-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12-ஆம் நாள் பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே உள்ள சென் சூலியேன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அது திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த பகுதி. அவருடைய பெற்றோரும் திராட்சை பயிரிட்டு வாழ்ந்த எளிய மக்களே. ஊர்க் கோவிலின் பங்குத் தந்தை அச்சிறுவனுக்கு இலத்தீன் மொழியைக் கற்பித்தார். பின்னர் அண்மையில் இருந்த வில்பிரான்சு என்னும் ஊரில் இயேசு சபையார் நடத்திய பள்ளியில் அவர் பயின்றார்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. ஆனால் இப்பயிர் முளையில் தெரியவில்லை! பள்ளியில் அவரை எவரும் பெரிய அறிவாளி என்று போற்றியதில்லை. குடும்பத்தின் வறுமை காரணமாகப் படிப்பு இடையில் நின்றது. 1832-ஆம் ஆண்டில் லியோன் நகரின் ஓரத்தில் இருந்த ஒரு மருந்துக் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். கடையைப் பெருக்குவதும், புட்டிகளைக் கழுவுவதும், மருந்து அரைப்பதும் அவர் வேலை. அந்நாளில் எல்லா நோய்க்கும் தரப்பட்ட பழைய கூட்டு மருந்து ஒன்று இருந்தது. கெட்டுப்போன மருந்துகளையும் புட்டிகளில் எஞ்சியவற்றையும் அக்கூட்டு மருந்தில் கொட்டிவிடுவது அக்கடையின் வழக்கம். அதையும் மக்கள் நம்பி வாங்கிச் சென்றனர். இதில் நோயை எது தீர்க்கிறது, எப்படித் தீர்க்கிறது என்று யாருக்குத் தெரியும் என்னும் ஐயம் அவ்விளைஞர் உள்ளத்தில் எழுந்தது. அந்த ஐயம் பின்னாளில் அவரைக் கைவிடவே இல்லை.

நாடகம் தந்த திருப்பம்

பெர்னார்டின் மனம் அப்போது நாடகத்தில் ஈடுபட்டிருந்தது. அவர் எழுதிய சிறு நாடகம் ஒன்று லியோனில் மேடையேறியது. அதனால் ஊக்கம் பெற்றவர் ஐந்து அங்கங்கள் கொண்ட பெரிய நாடகம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு 1834-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரை அடைந்தார். அங்கே இலக்கியத் திறனாய்வாளரும் பேராசிரியருமான சென் மார்க் சிரார்தென் என்பவரிடம் அதைக் காட்டினார். அப்பெரியவர் நாடகத்தைப் படித்துவிட்டு, நாடகம் எழுதுவதைப் பிழைப்பாகக் கொள்ளாமல் மருத்துவம் படிக்குமாறு அறிவுரை கூறினார். எத்தனையோ இளைஞர்கள் இத்தகைய சொல்லால் மனம் உடைந்து போயிருப்பர். பெர்னார்டோ அந்த அறிவுரையை ஏற்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கும் அவர் முன்வரிசை மாணவர் அல்லர். 1839-ஆம் ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சிக்கான தேர்வில் வென்ற 29 பேருள் அவர் பெற்ற இடம் 26. ஆயினும் அவருடைய கைத்திறனை ஒருவர் கண்டுகொண்டார். அவர்தாம் புகழ்பெற்ற உடலியல் அறிஞர் மசாந்தி. பெர்னார்ட் மிக நுண்ணிய நரம்பையும் பழுதின்றிப் பிரித்து எடுப்பதைக் கண்டு, அவரைத் தம் ஆய்வுக்கூட உதவியாளராக ஏற்றுக் கொண்டார். 1843-ஆம் ஆண்டில் பெர்னார்ட் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கல்லூரி ஆசிரியர் பதவிக்கு நடந்த போட்டியில் தோல்வி அடைந்தார். ஆய்வை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி நாட்டுப்புற மருத்துவராக வாழலாமா என்று கூட எண்ணினார். அந்நிலையில் 1845-ஆம் ஆண்டில் பாரிசு மருத்துவர் ஒருவரின் மகளான பானி மார்த்தென் என்னும் அம்மையாரை மணந்தார். மனைவி கொண்டுவந்த சீதனமே அவருடைய ஆய்வு தொடரத் துணையாயிற்று.

முயலின் காது சொன்ன செய்தி

பரிவு நரம்பு என்னும் பெயர் எப்படி வந்தது? ஓர் உறுப்பு துன்புறும்போது மற்றோர் உறுப்பும் அதனுடன் சேர்ந்து வருந்துகிறது. அப்படி ஒன்றுக்கொன்று இரங்கச் செய்வது இந்நரம்பே என்று பழங்கால மருத்துவர்கள் நம்பினர். அதனால் இரக்கம் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். நம் தமிழ்ப் பாடநூல்களும் அதனைப் பரிவு நரம்பு என்றே வழங்குகின்றன. பெயர் இருந்ததே தவிர, குருதி ஓட்டத்தில் அதன் வேலை என்ன என்பது விளங்காமலே இருந்தது.

உடலின் வெப்பத்துக்கு நரம்புகளே காரணம் என்று பெர்னார்ட் காலத்தில் பலர் கருதினர். அவ்வாறாயின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்பை அறுத்தால் அப்பகுதி குளிர்ந்து போக வேண்டும் அல்லவா? பெர்னார்டும் அப்படியே எதிர்பார்த்தார். 1851-ஆம் ஆண்டில் ஒரு முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை மட்டும் அறுத்தார். பின்பு இரு காதுகளையும் தொட்டுப் பார்த்தார். நரம்பு அறுபட்ட பக்கத்துக் காது குளிரவில்லை. மற்றக் காதைவிட அது நன்றாகச் சூடேறி இருந்தது! காதின் குருதிக் குழாய்கள் விரிந்து சிவந்து புடைத்திருந்தன.

இங்கேதான் பெர்னார்டின் பெருமையை நாம் காண்கிறோம். அவருக்கு முன்பும் அதே நரம்பை அறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. 1727-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் அதனை அறுத்து, கண்ணின் பாவை சுருங்குவதைக் கண்டு எழுதியிருந்தார். பாவையைப் பார்த்தவர்கள் காதைத் தொட்டுப் பார்க்கவில்லை. பெர்னார்டோ தாம் எதிர்பார்த்ததற்கு நேர் மாறாக நடந்தபோது அதை மறைக்கவும் இல்லை, தற்செயல் என்று தள்ளவும் இல்லை. தம் எண்ணத்தை விட்டுவிட்டு முயலின் காது சொன்னதைக் கேட்டார்.

அடுத்த ஆண்டு, அதாவது 1852-இல், மொரீசியசு தீவில் பிறந்த பிரவுன் செக்கார் என்னும் அறிஞர், அறுபட்ட அந்நரம்பின் மேல் முனையில் மின்சாரம் செலுத்தினார். உடனே குழாய்கள் சுருங்கின, காது குளிர்ந்தது. பெர்னார்டும் தனியே அதே முடிவைக் கண்டார். எனவே பரிவு நரம்பு ஓயாமல் ஆணையிட்டுக் குழாய்களை ஓரளவு சுருக்கியே வைத்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. ஆணை நின்றால் மதகு திறந்து கொள்கிறது. ஆயினும், காது சூடானதற்குக் குருதி பெருகியது மட்டுமே காரணம் என்பதைப் பெர்னார்ட் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பெரியோரும் தம் பழைய கருத்தை முற்றிலும் உதற நாள் ஆகிறது போலும்! இக்கண்டுபிடிப்பின் புகழைப் பிரவுன் செக்காருக்கும் பகிர்ந்தளிப்பதே முறை.

1858-ஆம் ஆண்டில் பெர்னார்ட் மற்றொன்றையும் கண்டார். நாயின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இரு நரம்புகள் செல்கின்றன. ஒன்றைத் தூண்டினால் குழாய்கள் விரிந்து, செக்கச் சிவந்த குருதி விரைந்து பாய்கிறது. மற்றொன்றாகிய பரிவு நரம்பைத் தூண்டினால் கருஞ்சிவப்பான குருதி துளித் துளியாகவே வருகிறது. ஆகவே திறக்கும் நரம்பும் உண்டு, அடைக்கும் நரம்பும் உண்டு என்று அறிந்தார்.

பிற பணிகள்

பெர்னார்டின் உழைப்பு இத்துடன் நிற்கவில்லை. கல்லீரல் தானே சர்க்கரையை உண்டாக்கிக் குருதியில் விடுகிறது என்று 1848-இல் கண்டார். அச்சர்க்கரை கிளைக்கோசன் என்னும் மாவுப்பொருளாகக் கல்லீரலில் சேமிக்கப்படுவதை 1857-இல் பிரித்தெடுத்துக் காட்டினார். கணையநீர் கொழுப்பைச் செரிக்க உதவுவதையும் விளக்கினார். வெளியே வெயிலோ குளிரோ எதுவாயினும், உடலின் உயிரணுக்கள் வாழும் உட்சூழல் மாறாமல் காக்கப்படுவதாலேயே நாம் உரிமையுடன் நடமாடுகிறோம் என்பது அவர் உலகுக்கு அளித்த பெருங்கருத்து.

இத்தனையையும் அவர் ஈரம் கசியும், காற்றோட்டமற்ற ஆய்வறைகளில் செய்து முடித்தார். 1855-இல் மசாந்தி மறைந்தபின் அவருடைய பேராசிரியர் பதவி பெர்னார்டுக்குக் கிடைத்தது. 1860-களில் உடல்நலம் கெட்டுச் சொந்த ஊரின் திராட்சைத் தோட்டங்களிடையே நெடுநாள் ஓய்வு கொண்டார். அவ்வோய்வின்போது உருவாக்கிய ஆய்வுமுறை மருத்துவம் பற்றிய நூல் 1865-இல் வெளிவந்தது. நோயுற்ற அவரை ஊக்குவிப்பதற்காக அறிஞர் பாஸ்டர் 1866-இல் அவருடைய பணிகளைப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓர் அறிஞர் மற்றோர் அறிஞரைப் பொறாமையின்றிப் பாராட்டியது நம் உள்ளத்தை நெகிழ்விக்கிறது.

ஓட்டமும் குருதியும்

பெர்னார்ட் காட்டிய வழியில் பின்வந்தோர் தசைகளை ஆராய்ந்தனர். 1887-இல் பிரான்சின் சோவோ, காப்மன் என்னும் இருவர், தீவனம் மெல்லும் குதிரையின் உதட்டுத் தசையில் குருதி ஓட்டம் பல மடங்கு பெருகுவதை அளந்து காட்டினர்.

நாம் அமைதியாக அமர்ந்திருக்கையில் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை இறைக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கே உடல் தசைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செல்கிறது. கடுமையாக ஓடும்போது நலமான ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 20 முதல் 25 லிட்டர் வரை இறைக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தசைகளுக்கே போய்ச் சேரும்.

இது எப்படி நிகழ்கிறது? ஓடத் தொடங்கியதும் பரிவு நரம்புகள் விழித்தெழுகின்றன. இதயத்தை விரைவுபடுத்துகின்றன. குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் மதகுகளைக் குறுக்குகின்றன. வியப்பு என்னவெனில், ஓடும் கால் தசைகளுக்கும் குறுக்கு என்னும் அதே ஆணைதான் வருகிறது! ஆனால் உழைக்கும் தசையில் உண்டாகும் வேதிப்பொருள்கள் அங்குள்ள குழாய்களைத் தளர்த்துகின்றன. நரம்பின் ஆணையின் வேகத்தையும் மழுக்கிவிடுகின்றன. இதனை 1962-இல் அமெரிக்க அறிஞர் மூவர் நாய்களில் செய்த ஆய்வால் விளக்கினர். அதனால் உழைக்கும் தசை நிறையப் பெறுகிறது. ஓய்ந்திருக்கும் உறுப்பு குறையப் பெறுகிறது.

அப்படியானால் உழைக்கும் தசைக்கு அந்த ஆணை எதற்கு என்று கேட்கலாம். உடலின் எல்லாத் தசைகளும் ஒருங்கே தம் மதகுகளை முழுவதும் திறந்துகொண்டால் இதயத்தால் ஈடுகொடுக்க இயலாது. குருதி அழுத்தம் சரிந்து, மூளைக்குக் குருதி எட்டாமல் மயங்கி விழ நேரிடும். எனவே பரிவு நரம்பு ஓடும் தசையையும் சற்றே இழுத்துப் பிடித்து வைக்கிறது. தசை தன் தேவையைக் கேட்கிறது. நரம்பு முழு உடலின் நலத்தைக் காக்கிறது. இவ்விரண்டும் இழுபறியாக இருப்பதாலேயே நாம் நிலைகுலையாமல் ஓட முடிகிறது.

ஓட்டப் பந்தயம் முடிந்ததும் உடனே நிற்காதீர்கள், மெதுவாக நடங்கள் என்று உடற்பயிற்சி ஆசிரியை கூறுவதன் காரணமும் இதுவே. ஓட்டம் நின்ற பிறகும் கால்களின் குழாய்கள் சிறிது நேரம் விரிந்தே இருக்கும். கால் தசைகள் அசைந்தால்தான் குருதி மேலே பிழிந்து அனுப்பப்படும். சட்டென்று நின்றால் குருதி காலில் தேங்கித் தலை சுற்றும்.

வீட்டில் எழுந்த துயரம்

வெளியுலகில் பெர்னார்டுக்குப் புகழ் குவிந்தது. 1868-இல் பிரெஞ்சுக் கழகத்தின் உறுப்பினரானார். 1869-இல் மன்னர் மூன்றாம் நெப்போலியன் அவரை மேலவை உறுப்பினராக்கினார். வீட்டிலோ அமைதி இல்லை. அவர் தம் ஆய்வுகளை உயிருள்ள முயல்கள் மீதும் நாய்கள் மீதும் செய்தார். உயிருடன் விலங்குகளை அறுப்பதை அவர் மனைவியால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. ஆண் குழந்தைகள் இருவரை மழலைப் பருவத்திலேயே பறிகொடுத்த குடும்பம் அது. எஞ்சிய மகள்கள் இருவரும் தாயின் பக்கமே நின்றனர். 1870-ஆம் ஆண்டளவில் கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தொடங்கினர். தாயும் மகள்களும் ஆதரவற்ற நாய்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டனர்.

அம்மையார் கூறியது வெறும் பிடிவாதம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. குராரே என்னும் தென்னமெரிக்க அம்பு நஞ்சு தசைகளை அசைய விடாமல் செய்யும், உணர்ச்சியைப் போக்காது. இதைக் கண்டவர்களுள் பெர்னார்டே முதன்மையானவர். அந்நஞ்சு ஏற்றப்பட்ட விலங்கு அசையாமல் கிடந்தாலும் வலியை உணரும் என்று அறிந்திருந்தும், அதனைத் தம் ஆய்வுகளில் அவர் கையாண்டார். மறுபுறம், இத்தகைய ஆய்வுகளால் மனித குலம் பெற்ற நன்மையையும் நாம் மறக்க இயலாது. 1921-இல் டொரான்டோ நகரில் நாய்களில் நடந்த ஆய்வின் பயனாகவே இன்சுலின் கிடைத்தது. அது இன்றும் கோடிக்கணக்கான நீரிழிவு நோயாளருக்கு உயிர் தருகிறது.

அவ்வாறாயின் நீதி யார் பக்கம்? எங்கள் வகுப்பு மாணவிகளிடையே இதுபற்றிப் பேசினால் இரு கட்சி எழாமல் இராது. நாங்கள் எண்ணிப் பார்த்ததில் எங்களுக்குத் தோன்றுவது இதுதான். பெர்னார்ட் நரம்பின் உண்மையைக் கண்டார். அவருடைய மனைவியும் மக்களும் அந்நரம்பின் பெயரில் உள்ள பரிவை உலகுக்கு நினைவூட்டினர். இரண்டும் வேண்டும். அறிவு மட்டும் போதும் என்றால் நெஞ்சம் கல்லாகும். இரக்கம் மட்டும் போதும் என்றால் நோயாளி மருந்தின்றி வாடுவான். 1876-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து, விலங்காய்வுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. ஆய்வில் வரும் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்பதை அறிவுலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது.

இதற்கு அழகியதோர் எடுத்துக்காட்டு இந்த நரம்பின் வரலாற்றிலேயே உள்ளது. 1960-களில் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் ஹாக்பார்த், வால்போ என்னும் இரு அறிஞர்கள், மயிரிழை போன்ற ஊசியைத் தோலின் வழியே நரம்பில் செலுத்தி அதன் மின்துடிப்பைப் பதிவு செய்யும் முறையை உருவாக்கினர். அவர்கள் எந்த விலங்கையும் அறுக்கவில்லை. தங்கள் உடலிலேயே ஊசியைச் செலுத்திக்கொண்டு தொடங்கினர். விழித்திருக்கும் மனிதர் கையை இறுக்கிப் பிடிக்கும்போது, ஓய்ந்திருக்கும் காலின் தசைக்குச் செல்லும் பரிவு நரம்பு விரைந்து துடிப்பதை இம்முறையால் பின்னாளில் அறிய முடிந்தது. பெர்னார்ட் முயலின் காதில் கண்டதன் தொடர்ச்சியை, தாமே முன்வந்த மனிதரிடம், அவர் விருப்பத்தோடே காண முடிகிறது.

மறைவு

கிளாட் பெர்னார்ட் சிறுநீரக நோயால் 1878-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள் பாரிசில் காலமானார். பிரான்சு அரசு அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. அந்நாட்டில் ஓர் அறிவியலறிஞருக்கு அத்தகைய சிறப்பு கிடைத்தது அதுவே முதன்முறை. திராட்சைத் தோட்டத்து உழவர் மகனும், மருந்துக்கடைப் பையனும், தேர்வில் 26-ஆம் இடம் பெற்ற மாணவருமான ஒருவருக்கு ஒரு நாடே தலை வணங்கியது.

தேர்வில் பின்தங்கினோம் என்று கலங்கும் தோழியர்க்கு அவர் வாழ்வு ஆறுதல் தரும். தாம் நினைத்ததே சரி என்று சாதிப்போருக்கு முயலின் சூடான காது பாடம் கற்பிக்கும். நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆய்வாளராகவும் செல்லவிருக்கும் நாம், அவரிடமிருந்து கூர்ந்து நோக்கும் கண்ணையும், அவர் இல்லத்தாரிடமிருந்து பரிவுள்ள நெஞ்சையும் பெற்றுக்கொள்வோமாக!

பத்தாம் வகுப்பு மாணவி